கோஷு ஒயினும் பச்சைச் சிப்பியும்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

தோக்கியோவுக்கு வந்த முதல் குளிர்காலம். அலுவலக நண்பர்களோடு ஒரு சிறிய மீன் உணவகத்தில் உட்கார்ந்திருந்தேன். சமைக்காத பச்சைச் சிப்பி ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு, கையிலிருந்த சிவப்பு ஒயினில் ஒரு மிடறு விழுங்கியதும் வாயெல்லாம் கவிச்சி. துருப்பிடித்த இரும்பை நக்கியது போல இருந்தது. சிப்பி கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். பக்கத்திலிருந்த மூத்தவர் வேறொரு கோப்பையில் வெளிறிய ஒயினை ஊற்றி, "இதோடு சாப்பிட்டுப் பாருங்கள்" என்றார். அதே தட்டிலிருந்து எடுத்த சிப்பிதான். கவிச்சி போன இடம் தெரியவில்லை, கடல் உப்பும் மெல்லிய இனிப்பும் மட்டும் நாவில் நின்றன. அதுதான் கோஷு.

ஒயினில் கரைந்திருக்கும் இரும்புதான் கடலுணவோடு சேர்ந்து அந்தக் கவிச்சியைக் கிளப்புகிறது என்று ஜப்பானின் மெர்சியன் ஒயின் நிறுவன ஆய்வாளர்கள் 2009இல் கண்டறிந்தார்கள். கோஷுவில் இரும்பு பொதுவாகக் குறைவு.

இளஞ்சிவப்புத் தோல் கொண்ட திராட்சையிலிருந்து வரும் வெள்ளை ஒயின் இது. இனிப்பில்லாதது, மதுச்சத்தும் 11, 12 சதவீதம்தான். யூசு எலுமிச்சையின் மணம் இருக்கும். தோலிலிருந்து வரும் இலேசான கசப்பு கடைசியில் எட்டிப் பார்க்கும். சில ஆலைகளில் புளித்த பின் ஈஸ்ட் மண்டியை நீக்காமல் மாதக்கணக்கில் அப்படியே வைத்திருப்பார்கள். அந்த வகைக்குக் கொஞ்சம் கனம் கூடும், எனக்குப் பிடித்தது அதுவே. தனியாகக் குடித்துவிட்டு "சப்பென்று இருக்கிறது" என்பவர்களைக் கண்டால் வருத்தமாக இருக்கிறது. இதைச் சாப்பாட்டோடுதான் குடிக்க வேண்டும்.

*

நண்பரே, நான் கம்பம் பக்கத்துக்காரன். கோஷு விளையும் யமனாஷி மாகாணத்தின் கட்சுனுமாவில் ரயிலை விட்டு இறங்கியதும் கண்ணில் பட்டவை திராட்சைப் பந்தல்கள். எங்கள் ஊரைப் போலவே தலைக்கு மேலே கொடி, கைக்கு எட்டும் உயரத்தில் கொத்து. சில தோட்டங்களில் மழை படாமலிருக்க ஒவ்வொரு கொத்துக்கும் காகிதக் குல்லாய் போட்டிருந்தார்கள். இத்தனை ஆயிரம் குல்லாய்களையும் கையால்தானே மாட்டியிருப்பார்கள் என்று நினைத்து நெடுநேரம் நின்றுவிட்டேன். அங்குள்ள தைசென்ஜி கோயிலில் மருத்துவப் புத்தர் கையில் திராட்சைக் கொத்து ஏந்தியிருக்கிறார். 718இல் கியோகி என்ற துறவிக்கு அந்தக் கோலத்தில் காட்சி தந்தார் என்பது ஐதீகம்.

அந்த ஊர்ப் பெரியவர்கள் 1.8 லிட்டர் பாட்டிலிலிருந்து ஒயினைத் தேநீர்க் குவளையில் ஊற்றிக் குடிக்கிறார்கள். எனக்கும் அப்படியே தந்தார்கள், தொட்டுக்கொள்ள உப்பில் ஊறிய வெள்ளரிக்காய். அந்தப் பொருத்தத்தை எந்த உணவகத்திலும் நான் பார்க்கவில்லை.

*

ஒரு மாற்றுக் கருத்து. கொழுப்பு மிகுந்த சூரை மீனைச் சோயா சாற்றில் நன்றாகத் தோய்த்துச் சாப்பிட்டபோது கோஷு எடுபடவே இல்லை. வெள்ளை மீன் சஷிமிக்கு (பச்சை மீன் துண்டுகள்) உப்பும் எலுமிச்சைச் சாறும் போதும், மாவில் தோய்த்துப் பொரிக்கும் தெம்புராவுக்கு உப்பு மட்டும் போதும் என்பது என் கட்சி. மிகையாகக் குளிர வைக்கவும் வேண்டாம், மணம் அடங்கிவிடும். 10 டிகிரி சரியாக இருக்கும்.

*

நான் மீன் சாப்பிடாதவள். இதற்கு ஏற்ற சைவ உணவு உண்டா?

*

உண்டு, சகோதரி. சூரைக்கருவாடு சேர்ந்த சாறு பல உணவுகளில் மறைந்திருக்கும், அதை மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். வெந்நீரில் சூடேற்றிய தோஃபு (சோயாப் பால் கட்டி) கோஷுவோடு நன்றாகப் போகும். ஆனால் நான் காத்திருப்பது வசந்தத்தின் தொடக்கத்தில் வரும் ஃபுகி என்ற செடியின் மொட்டுத் தெம்புராவுக்காக. அந்த மொட்டு நல்ல கசப்பு. ஒரு கடி கடித்து ஒரு மிடறு குடித்தால் ஒயினின் கசப்பும் மொட்டின் கசப்பும் ஒன்றையொன்று தணித்துக்கொள்கின்றன. பிப்ரவரி கடைசியில் காய்கறிக் கடைகளில் தேடிப் பாருங்கள்.