இலங்கைத் தேயிலைத் தோட்ட லயங்களில் பெண்களுக்கு வீட்டில் விழும் அடிக்கு எதிராக வேலை தொடங்குவோர் கவனத்துக்கு: புனைபெயரில் நால்வரின் அனுபவப் பகிர்வு

கொழுந்துக்கூடை
"பால்நிலை அடிப்படையிலான வன்முறை" என்று பேனர் கட்டித் தொடங்காதீர்கள். லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) யாரும் அப்படிப் பேசுவதில்லை. "அவ வீட்டுல பிரச்சினை" என்பார்கள், அவ்வளவுதான். பெண்கள் மீதான வன்முறைக்கு எதிராக நவம்பர் 25 முதல் டிசம்பர் 10 வரை நடக்கும் 16 நாளும் ஊர்வலம் போகலாம், தப்பில்லை. ஆனால் 11ஆந் தேதி ராத்திரி ஒருத்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எந்தக் கதவைத் தட்டுவாள்? அந்தக் கதவைத் தேடுவதுதான் முதல் வேலை.

குழுவுக்கு ஐந்து பேர் போதும், ஏழுக்கு மேல் வேண்டாம். ஒரு லயத்துக்கு ஒருத்தி, எல்லோரும் ஒரே குடும்பமாக இருக்கக் கூடாது. பிள்ளைக் காம்பராவில் (தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விடும் இடத்தில்) வேலை செய்பவர் ஒருவர் கட்டாயம் வேண்டும். எந்தப் பிள்ளை தூங்காமல் வருகிறது, எந்தத் தாய் முக்காட்டை இறக்கிவிட்டு வருகிறாள் என்று முதலில் தெரிவது அவருக்குத்தான். கூடுவதற்குக் கோயில் மண்டபம் வேண்டாம், கோயில் கமிட்டி காதுக்குப் போய்விடும். ஆபீஸ் பக்கமும் வேண்டாம். பிள்ளைக் காம்பராவிலேயே, பின்னேரம் கொழுந்து எடை போட்ட பிறகு அரை மணி நேரம். அதைத் தாண்டினால் தண்ணீர், விறகு, சமையல் எல்லாம் பிந்தும். கூட்டத்துக்குப் போய் லேட்டாக வந்ததற்கே அடி விழும்.

முதல் கூட்டத்தில் ஒரு தாளில் லயங்களை வரையுங்கள். ராத்திரியில் திறக்கும் கதவு எது, போன் சிக்னல் எந்த வளைவில் கிடைக்கும், காசில்லாமலும் வரக்கூடிய ஆட்டோ யாருடையது என்று குறியுங்கள். ஆட்டோக் கூலியை முன்கூட்டியே பேசி, சம்பள நாளன்றே ஆளுக்கு 100 ரூபா சேர்த்து வையுங்கள். சம்பள நாள் ராத்திரியும் தீபாவளி அட்வான்ஸ் கையில் வந்த ராத்திரியும் அந்த ஐந்து பேரும் விழித்திருக்க வேண்டும்.

மூன்றாம் நம்பர் மலை
அக்கா சொன்னதோடு ஒன்று. லயத்தில் ஒரு சுவர்தான், சத்தம் பக்கத்துக் காம்பராவுக்கு (அறைக்கு) கேட்காமல் இருக்காது. "புருஷன் பெண்டாட்டி சண்டை, நமக்கெதுக்கு" என்பதுதான் அங்கே பூட்டு. சத்தம் கேட்டால் தனியாகப் போகாதீர்கள். இரண்டு பெண்களும் வயசான ஒரு ஆம்பிளையும் போய், "நெருப்புப்பெட்டி இருக்கா" என்று கதவைத் தட்டுங்கள். நியாயம் பேசத் தொடங்கினால் நீங்கள் திரும்பிய பிறகு அந்த நியாயத்துக்கும் சேர்த்து அவளுக்குத்தான் விழும். அடி நிற்க வேண்டும், அவள் வெளியே வர வழி கிடைக்க வேண்டும். அந்த ராத்திரிக்கு அது போதும்.

பெரும்பாலும் கெட்டுப்போவது மறுநாள்தான். தோட்டத் தலைவர் (தொழிற்சங்கத்தின் தோட்டப் பொறுப்பாளர்) இருவரையும் உட்காரவைத்து, "இனி அடிக்க மாட்டேன்" என்று எழுதி வாங்கிச் சேர்த்து அனுப்புவார். அந்தத் தாளுக்குச் சட்டத்தில் பெறுமதி இல்லை. அவள் முறைப்பாடு கொடுக்கிற நாளைத் தள்ளிப்போடுவதைத் தவிர அது வேறு எதுவும் செய்யாது.

நீதிமன்றப் படி
2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தைப் பற்றி இரண்டு பயம் தோட்டத்தில் உண்டு.

ஒன்று, "கல்யாணம் பதியவில்லையே". தேவையில்லை. சேர்ந்து வாழ்ந்திருந்தாலே விண்ணப்பிக்கலாம். மாமியார், அண்ணன் மாதிரி உறவுக்காரருக்கு எதிராகவும் முடியும்.

மற்றது, "காம்பரா அவன் பேரில், நான் எங்கே போவேன்". பாதுகாப்புக் கட்டளையில், இருவரும் சேர்ந்திருந்த வீட்டுக்குள் அவன் நுழைவதையே நீதவான் தடுக்கலாம். அவசரமென்றால் முதலில் இடைக்காலக் கட்டளை, அது 14 நாள் வரை. விசாரணைக்குப் பிறகு வருவது 12 மாதம் வரை நிற்கும். அவளே விண்ணப்பிக்கலாம், அவளுக்காகப் பொலிஸும் விண்ணப்பிக்கலாம். லோயருக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

பொலிஸில் சிக்கல் மொழியில்தான் வரும். சொல்வது தமிழில், எழுதுவது சிங்களத்தில், வாசித்துக் காட்டாமலே கையொப்பம். முறைப்பாட்டைத் தமிழில் எழுதும்படி கேட்பது உரிமை. ஆள் இல்லை என்றால், வாசித்து மொழிபெயர்த்துச் சொன்ன பிறகுதான் கையெழுத்து. முறைப்பாட்டு இலக்கத்தைக் கையில் எழுதிக்கொண்டாவது வாருங்கள். அது இல்லாவிட்டால் இரண்டாம் முறை போகும்போது முதல் முறை போனதாகவே இராது.

நட்பு வாசல்
ஆஸ்பத்திரி பற்றி யாரும் சொல்லவில்லையே. மருந்து கட்டப் பொலிஸ் முறைப்பாடு முதலில் தேவையில்லை. பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகள் பலவற்றில் இதற்கென்றே "மிதுரு பியச" இருக்கிறது, தமிழில் "நட்பு நிலையம்". பக்கத்தில் எது என்று இப்போதே கேட்டு வையுங்கள், இரத்தம் வழியும்போது தேட முடியாது.

"படியில் வழுக்கி விழுந்தேன்" என்று ஆஸ்பத்திரி டிக்கெட்டில் (நோயாளியின் பதிவுத் தாளில்) எழுதப்பட்டால் பிறகு கோர்ட்டில் அதைத்தான் எதிர்த்தரப்பு வாசிக்கும். கூடப் போகிறவர் இதை வாசலிலேயே மெதுவாக அவளிடம் சொல்ல வேண்டும், டொக்டர் முன்னால் அவளுக்குப் பதில் பேசக் கூடாது. கணவன் கூட வந்திருந்தால் தனியாகப் பேச வேண்டுமென்று நேர்ஸிடம் கேளுங்கள்.

பாலியல் வன்முறை என்றால் குளிக்காமல், உடுப்பு கழுவாமல் போக வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தைத் தொடங்க 72 மணித்தியாலம்தான் எல்லை. உடுப்பைக் காகிதப் பையில் போடுங்கள், சிலிசிலிப் (பொலித்தீன்) பையில் வேண்டாம். நம்ம மழைக்கு ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சை பிடிக்கும், தடயம் கெடும்.

கொழுந்துக்கூடை
நல்லது. ஆளடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கிளினிக் கொப்பி, ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) இலக்கம் எழுதிய துண்டு, மாற்று உடுப்பு, பஸ் காசு என்று பை ஒன்றும் வேண்டும். அதைப் பக்கத்துக் காம்பராவில் வைக்காதீர்கள், அவன் முதலில் தேடுவது அங்கேதான். அடுத்த லயத்தில் வையுங்கள்.

மூன்றாம் நம்பர் மலை
போன் நம்பர் எழுதிய துண்டை மட்டும் பையில் போடாதீர்கள். பெண்களுக்கு 1938, பிள்ளைகளுக்கு 1929, பொலிஸ் 119. மூணு நாலு இலக்கம்தானே, மலையில் கொழுந்தெடுக்கும்போதே பாடமாக்கிவிடலாம். பேசி முடித்ததும் போனில் அந்த அழைப்பை அழிக்கவும் சொல்லிக்கொடுங்கள். வீட்டுக்கு ஒரு போன்தான், ராத்திரி அது அவன் தலையணைக்கடியில் இருக்கும்.