நூறு யார்டில் மூன்று அங்குலம் மேலே: முதுகு மயிரோடு தப்பிய மானும் என் ஜீரோவும்

லானோ, டெக்சாஸ்

மூன்று வருஷம் ஆகிவிட்டது, இன்னும் மனசு ஆறவில்லை. புதிதாக ரைஃபிள் வாங்கி, எத்தனை யார்டுக்கு ஜீரோ வைப்பது, அதாவது எந்தத் தூரத்தில் குண்டு குறிபார்த்த இடத்திலேயே படுகிற மாதிரி சரிசெய்வது என்று குழம்புகிறவர்களுக்காக எழுதுகிறேன். படித்துவிட்டு உங்களுக்கு நடந்ததையும் கீழே போடுங்கள்.

என்னுடையது .270 வின்செஸ்டர். 1925-லிருந்து இருக்கிற தோட்டா. 130 கிரெய்ன் எடையுள்ள குண்டு, பெட்டியில் போட்டிருக்கும் வேகம் நொடிக்கு 3060 அடி. "அதிகம் வளையாமல் ஓடுகிற குண்டு, தூரத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம்" என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். அவுட்டோர் லைஃப் பத்திரிகையில் பல காலம் எழுதிய ஜாக் ஓ'கானர் இந்தத் தோட்டாவைக் கொண்டாடியவர். நூறு யார்டில் மூன்று அங்குலம் மேலே படுகிற மாதிரி வைத்தால் 275 யார்டு வாக்கில் ஜீரோ விழும், 300 வரைக்கும் நடு மார்பைப் பார்த்துச் சுட்டால் போதும் என்பது அவர் வழி. நானும் அப்படியே வைத்துக்கொண்டேன்.

நவம்பர் முதல் சனிக்கிழமை, மான் வேட்டை சீசன் திறந்த நாள். சூரியன் இறங்கிவிட்டது. சுடச் சட்டம் அனுமதிக்கும் அரைமணி நேரத்தில் பாதி போயாகிவிட்டது. சீடர் மரங்களுக்கு நடுவிலிருந்து எட்டுக் கிளைக் கொம்புள்ள கடா ஒன்று வந்து பக்கவாட்டில் நின்றது. லானோ பக்கத்து மான்கள் உருவத்தில் சிறியவை, வெளிச்சமும் மங்கல், அதனால் என் கண்ணுக்கு 250 யார்டுக்குக் குறையாமல் தெரிந்தது. தூரம் அளக்கிற ரேஞ்ச்ஃபைண்டர் பையில்தான் இருந்தது, எடுக்கவில்லை. "குண்டு கீழே விழுந்துடக்கூடாது" என்று நினைத்து, குறிபார்க்கும் ஸ்கோப்பின் குறுக்குக் கம்பியை நடு மார்பிலிருந்து நாலு அங்குலம் ஏற்றிப் பிடித்து விசையை அழுத்தினேன்.

மான் ஒரு துள்ளலில் மறைந்துவிட்டது. நின்ற இடத்துக்குப் போய் டார்ச் அடித்துப் பார்த்தேன். ரத்தம் ஒரு சொட்டு இல்லை. சுண்ணாம்புக் கல் மேல் பத்துப் பதினைந்து மயிர் கிடந்தது. நீளமான பழுப்பு மயிர், நுனி மட்டும் கறுப்பு. வயிற்று மயிர் என்றால் வெள்ளையாக இருக்கும். இது முதுகு மயிர். திரும்பி, நான் ஒளிந்திருந்த பிளைண்டை நோக்கி ரேஞ்ச்ஃபைண்டரை வைத்தேன்: 148 யார்டு.

அன்றிரவு உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் புரிந்தது. எந்தக் குண்டும் நேர்கோட்டில் போகாது. ஸ்கோப், ரைஃபிளின் குழலுக்கு ஒன்றரை அங்குலம் மேலே இருக்கிறது, குழலின் வாய் மிக லேசாக மேல்நோக்கி இருக்கிறது. குண்டு 25 யார்டு வாக்கில் நம் பார்வைக் கோட்டைத் தாண்டி மேலே ஏறி, அப்புறம் இறங்கி வந்து இரண்டாவது முறை தொடுகிற இடத்தைத்தான் ஜீரோ என்கிறோம். 275-க்கு ஜீரோ வைத்தால் அந்த வளைவின் முதுகு 150 யார்டு பக்கத்தில் வருகிறது, அங்கே ஏற்றம் கிட்டத்தட்ட நாலு அங்குலம். நான் பிடித்த நாலையும் சேர்த்தால் எட்டு. அந்த மானின் மார்பு முதுகிலிருந்து அடிவயிறு வரை பதினாலு அங்குலம் இருந்தால் அதிகம். நடுவிலிருந்து ஏழு அங்குலம் ஏறினாலே வெளியே போய்விடும்.

இரண்டு நாள் கழித்து அதே கடா முதுகில் ஒரு கோடோடு ஃபீடருக்கு வந்து சோளம் தின்றதைக் கேமராவில் பார்த்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது. ஒரு அங்குலம் கீழே பட்டிருந்தால் முதுகுச் சதையில் காயத்தோடு காட்டுக்குள் போயிருக்கும்.

காஸ்பர், வயோமிங்

தம்பி, ஓ'கானர் சொன்னது தப்பில்லை. அவர் காலத்தில் பைக்குள் வைத்துக்கொள்ள லேசர் ரேஞ்ச்ஃபைண்டர் கிடையாது. தூரத்தைக் கண்ணால்தான் கணிக்க வேண்டும், கண் தப்பினாலும் குண்டு மார்புக்குள் விழ வேண்டும். அதற்காக வந்த முறை அது. மலைச் சரிவிலும் திறந்த வெளியிலும் சுட்டவர். மரத்துக்கு மரம் மறைகிற உங்கள் சீடர் காட்டுக்கு அதை அப்படியே எடுத்துக்கொண்டதுதான் சிக்கல்.

நான் இங்கே 250-க்கு வைத்திருக்கிறேன், அதே 130 கிரெய்ன். நூறில் சுமார் இரண்டரை அங்குலம் மேலே, 300-ல் மூன்றேகால் கீழே. எங்கள் மியூல் மானுக்கு மார்பு பெரிது, அதனால் தாங்குகிறது. சேஜ் புதர்களைத் தவிர வேறெதுவும் இல்லாத வெளி. நூறு யார்டுக்குள் மான் கிடைப்பது அபூர்வம்.

ஆனால் 200-ஆ 250-ஆ என்று மணிக்கணக்காகப் பேசுகிறவர்கள் காற்றை மறந்துவிடுகிறார்கள். மணிக்குப் பத்து மைல் வேகத்தில் காற்று குறுக்கே அடித்தால் இந்தக் குண்டு 300 யார்டில் ஆறு அங்குலம் தள்ளிப் போகும். இங்கே பத்து மைல் என்பது அமைதியான நாள். போன அக்டோபரில் 290-ல் ஒரு மான், காற்று இடப்பக்கமிருந்து இழுத்து அடித்தது, புல்லெல்லாம் படுத்துக் கிடந்தது. உயரக் கணக்கு எனக்கு மனப்பாடம், அன்றைக்கு அது எந்த உதவியும் செய்யவில்லை. ஓடைப் பள்ளம் வழியாக முழங்கையால் நகர்ந்து 210-க்கு வந்து சுட்டேன். நாற்பது நிமிஷம் ஆனது, சப்பாத்திக்கள்ளி முள்ளை மறுநாள் வரை பிடுங்கிக்கொண்டிருந்தேன். மான் நின்ற இடத்திலேயே விழுந்தது.

சான் அன்டோனியோ, டெக்சாஸ்

அண்ணா சொன்னதோடு என்னுடையதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் தெற்கே சென்டெரோக்களில் வேட்டையாடுகிறேன். புதர்க்காட்டை வெட்டி நேராகப் போட்ட நீளப் பாதை அது. மான் எட்டு நொடியில் குறுக்கே கடந்துவிடும், 80-லும் வரும், 320-லும் வரும்.

நாங்கள் சுட்டுப் பழகும் ரேஞ்சில் நூறு யார்டுக்கு மேல் இடமில்லை. அதனால் நூறில் இரண்டு அங்குலம் மேலே வைத்து, மீதியைப் பெட்டிமேல் இருந்த அட்டவணையை நம்பி விட்டுவிட்டேன். அதன்படி 300-ல் நாலரை அங்குலம் இறங்க வேண்டும். நண்பர் ஒருவரின் நிலத்தில் நிஜமாகவே 300-ல் அட்டை நட்டுச் சுட்டுப் பார்த்தால் ஏழரை!

காரணம் இரண்டு. பெட்டியில் இருக்கும் வேகம் 24 அங்குலச் சோதனைக் குழலில் எடுத்தது, என் குழல் 22. குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃபில் 2940-தான் காட்டியது. அதனால் ஒரு அங்குலத்துக்குச் சற்றுக் கூட. இன்னொன்றுதான் பெரிது. நூறில் மூன்றே குண்டு சுட்டு அதன் நடுவை ஜீரோ என்று எடுத்துக்கொண்டேன். அந்த நடு அரை அங்குலம் தப்பு. நூறில் அரை என்றால் முந்நூறில் ஒன்றரை. இப்போது மூன்று மூன்றாக மூன்று முறை சுடுகிறேன், ஒவ்வொரு முறைக்கும் நடுவே குழலைத் தொட்டால் கை தாங்குகிற அளவுக்கு ஆறவிடுகிறேன். வேட்டை ரைஃபிளின் குழல் மெல்லிசு, சூடானால் குண்டுகள் சிதறும். மான்மேல் விழப்போவது ஆறிய குழலின் முதல் குண்டுதான். ஆகவே வேறு வேறு நாள் காலையில் ஒவ்வொரு முதல் குண்டை மட்டும் ஒரே அட்டையில் போட்டு வைத்திருக்கிறேன். எனக்கு அந்த அட்டைதான் நம்பிக்கை.

லானோ, டெக்சாஸ்

இரண்டு பேருக்கும் நன்றி. சான் அன்டோனியோ தம்பி சொன்ன முதல் குண்டு அட்டையை நானும் ஆரம்பித்துவிட்டேன்.

நான் என்ன மாற்றினேன் என்று சொல்லிவிடுகிறேன். ஐந்து வருஷக் குறிப்பேட்டைப் புரட்டினேன். சுட்ட மான் பதினொன்று, அதில் 170 யார்டைத் தாண்டியது ஒன்றே ஒன்று. வராத 300 யார்டு மானுக்காக, தினமும் வருகிற 120 யார்டு மானைப் பணயம் வைத்திருக்கிறேன். இப்போது ஜீரோ 200. நூறில் ஒன்றரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக மேலே. 200 வரை வழியில் எங்கேயும் ஏற்றம் இரண்டு அங்குலத்தைத் தொடாது, நடு மார்பு என்றால் நடு மார்புதான். 250-ல் இரண்டரை அங்குலம் இறக்கம், 300-ல் ஆறரை. அதற்கு மேல் நான் சுடுவதில்லை. இந்த எண்களைச் சின்னத் தாளில் எழுதி, கன்னம் படுகிற இடத்துக்குக் கீழே ரைஃபிளின் கட்டையில் டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன். பிளைண்டில் உட்கார்ந்ததும் முதல் வேலை, ஃபீடர், காய்ந்த ஓக், வேலி முனை மூன்றுக்கும் தூரம் அளந்து தாளின் ஓரத்தில் பென்சிலால் குறிப்பது.

போன டிசம்பரில் வேலி முனையிலிருந்து ஒரு பெட்டை மான் வந்தது. 135 என்று பென்சிலில் எழுதியிருந்தது. கம்பியை முன்னங்காலுக்குப் பின்னால், மார்பின் நடுவில் வைத்தேன். ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. முப்பது அடி ஓடி விழுந்தது.

என் குழலும் 22 அங்குலம்தான் என்று இப்போதுதான் உறைக்கிறது. 200-ல் சுட்டுச் சரிபார்த்திருக்கிறேன், ஆனால் 250, 300 எண்கள் இரண்டும் அட்டவணையிலிருந்து எடுத்தவை. சான் அன்டோனியோ தம்பி, அந்த நண்பர் சம்மதித்தால் ஒரு சனிக்கிழமை நானும் அட்டையோடு வருகிறேன். அதுவரை தாளில் அந்த இரண்டு வரியையும் அடித்து வைக்கிறேன்.