பீஃப் ஸ்டிக் கலவையில் தண்ணி பிரியுது, உதவி தேவை

வணக்கம். இடம் திருகோணமலை, உப்புவெளி. வீட்டில் செய்யும் பீஃப் ஸ்டிக் (மெல்லிய மாட்டிறைச்சி சொசேஜ்) கலவையில் தண்ணி பிடிக்குதில்லை. இரண்டு கிழமைக்குள் மூன்று தடவை இதே பிரச்சினை.

அளவு: மாட்டிறைச்சி 2 கிலோ, கொழுப்பு 500 கிராம், உப்பு 40 கிராம், 6.25% நைட்ரைட் உள்ள கியூரிங் உப்பு (இறைச்சி பதப்படுத்தும் உப்பு) 6 கிராம், மிளகு, உள்ளித்தூள், செத்தல் மிளகாய்த்தூள், ஐஸ் தண்ணி 250 மில்லி. இறைச்சி அரைக்கும் மெஷினில் 4.5 மிமீ துளைத் தட்டில் ஒருதரம் அரைத்து, எல்லாத்தையும் ஒரேயடியாகப் போட்டு ஏழு நிமிஷம் கையால் பிசைந்தது. கலவையை அடைக்கும் உறை 19 மிமீ கொலாஜன் (விலங்குப் புரதத்தில் செய்தது).

உள்ளங்கையில் ஒட்ட வைத்துக் கவிழ்த்தால் கலவை விழுந்துவிடுது. சட்டியின் அடியில் சிவப்புத் தண்ணி. ஓவனில் (oven) உள்வெப்பம் 71 பாகை செல்சியஸுக்கு வந்ததும் உறைக்கும் இறைச்சிக்கும் நடுவில் கொழுப்பு தேங்குது, வெட்டினால் உதிருது.

தண்ணியை 125 மில்லியாகக் குறைத்தேன், மசாலா கட்டி கட்டியாக நின்றது. பால்மா 50 கிராம் சேர்த்ததில் தண்ணி கொஞ்சம் அடங்கியது, உதிர்வு மாறவில்லை. இறைச்சியை 1 பாகைக்குக் குளிரவைத்துத் தொடங்கினாலும் இங்கத்தைய வெக்கைக்குப் பிசைந்து முடிய 15 பாகை. கொழுப்பு இளகிப் பூசுவது அதனால்தான் என்று படுது, ஆனால் ஒட்டும் பதம் வர முதல் நிறுத்தவும் ஏலாது.

உப்பையும் கியூரிங் உப்பையும் மட்டும் முதலில் போட்டு ஒட்டும் பதம் வரப் பிசைந்துவிட்டு, பிறகு மசாலாவைத் தண்ணியில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் தண்ணி பிடிக்குமா?