பெரிய பேட்டரி போட்டதும் மூக்கு கவிழும் ஹெலிகாப்டர்

வணக்கம் மக்களே, ஒரு யோசனை வேணும். என்கிட்ட இருக்கறது 450 சைஸ் ஆர்சி (ரிமோட்ல ஓடற) ஹெலி. இதுவரை 3 செல் 2200 எம்ஏஎச் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரிதான். இன்னும் கொஞ்ச நேரம் பறக்கட்டுமேன்னு ஆசைப்பட்டு 3300 வாங்கிட்டேன். சமையல்கட்டுத் தராசுல வச்சுப் பார்த்தா 80 கிராம் கூடுதல்.

பிளேடு ரெண்டையும் வாலுக்குக் குறுக்கா திருப்பி, ரோட்டர் தலையில விரல் கொடுத்துத் தூக்கினா மூக்கு சட்டுனு கீழ போகுது. ஹோவர்ல, அதாவது ஒரே இடத்துல மிதக்க விடறப்ப, முன்பக்கமா நழுவுது, ஸ்டிக்கைப் பின்னாடி இழுத்துப் பிடிச்சுக்கிட்டே இருக்கணும். ரிமோட்ல ட்ரிம் (ஸ்டிக்கோட நடுநிலையை நகர்த்தற செட்டிங்) போட்டு மறைக்க மனசு வரல.

பேட்டரியைப் பின்னாடி தள்ளலாம்னா சர்வோ (பிளேடு கோணத்தை மாத்தற குட்டி மோட்டார்) இடிக்குது. கணக்குப்படி, அந்த 80 கிராம் மெயின் ஷாஃப்ட்டுக்கு (ரோட்டரைச் சுத்தற நடுத்தண்டு) 11 செ.மீ. முன்னாடி உட்காருது. வால் துடுப்பு 35 செ.மீ. பின்னாடி. அங்க 25 கிராம் ஈயம் ஒட்டினா சமன் ஆயிடும். ஆனா அவ்வளவு தூரத்துல எடை ஏத்தினா வால் திரும்பறது மந்தமாகுமே, வாலை நிலையா வச்சுக்கற கைரோவோட கெயினையும் (எவ்வளவு வேகமா திருத்தணும்கற அளவு) மறுபடி பார்க்கணுமே!

இல்ல, முன்னாடி இருக்கற ஈஎஸ்சியை (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தற போர்டு) கழட்டி பூம், அதாவது வால் குழாய், அடியில கட்டலாமா? ஒயரை நீட்டணும், அதான் தயக்கம். செஞ்சு பார்த்தவங்க யாராவது சொல்லுங்களேன். பழைய 2200-க்கே திரும்பிடுன்னு சொன்னாலும் கோபப்பட மாட்டேன்.