தெருவிழாவுக்குக் கூட்டம் வருகிறது, கல்லாவுக்குக் காசு வருவதில்லையே: அனுபவமுள்ளவர்கள் எழுதுங்கள்

சங்கச் செயலாளர்

கடைத்தெருவுக்காகவும் சுற்றியிருக்கும் குடியிருப்புகளுக்காகவும் லாப நோக்கின்றி நடக்கும் சங்கம் எதுவானாலும், இந்தப் புகார் ஒருமுறையாவது எழும். மேடை, பாட்டு, நடக்க இடமில்லாத கூட்டம் எல்லாம் இருக்கும். மறுநாள் கடைக்காரர்களைக் கேட்டால், "வழக்கமா வர்றவங்ககூட வண்டி நிறுத்த இடமில்லாம திரும்பிட்டாங்க" என்பார்கள். எங்கே தவறுகிறது, எதை மாற்றினால் சரியாகிறது என்று விவரமாக எழுதுங்கள்.

விழா ஏற்பாடு பார்ப்பவர்

முக்கால்வாசித் தவறு ஸ்டால் போடும் விதத்தில்தான். சாலையின் இரண்டு ஓரங்களிலும், கடைகளுக்கு முதுகைக் காட்டியபடி ஸ்டால்களை நிறுத்திவிடுகிறார்கள். கூட்டம் நடுவில் போகிறது, நிரந்தரக் கடையின் வாசல் கூடாரத் துணிக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. வருஷம் முழுக்க அங்கே வாடகை கொடுப்பவருக்கு இதைவிடப் பெரிய அநியாயம் இல்லை.

ஸ்டால்களைச் சாலை நடுவில் முதுகோடு முதுகாக வைத்து, முகப்பைக் கடைகள் பக்கம் திருப்புங்கள். நடப்பவருக்கு ஒரு பக்கம் ஸ்டால், மறுபக்கம் கடை. 3 மீட்டர் கூடாரம் இரண்டு வரிசை என்றால் 6 மீட்டர். ஸ்டால் வரிசைக்கு ஒரு பக்கம் தீயணைப்பு வண்டிக்குப் பல ஊர்களில் 6 மீட்டர் அளவுக்கு வழி கேட்பார்கள், உங்கள் ஊர் அளவை முதலிலேயே எழுத்தில் வாங்குங்கள். மறுபக்கம் நடக்க 3 மீட்டர். ஆகச் சாலை 15 மீட்டராவது இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் ஒற்றை வரிசைதான், அதுவும் வெற்றுச் சுவர், மூடிய கட்டடம் இவற்றின் முன்னால் மட்டும்.

கூடாரத்தின் ஒவ்வொரு காலுக்கும் 18 முதல் 20 கிலோ எடை வேண்டும். 20 லிட்டர் கேனில் தண்ணீர் நிரப்பினால் அந்த எடை வந்துவிடும். கேனைக் காலடியில் சும்மா வைத்தால் பயனில்லை, மேல் சட்டத்திலிருந்து கயிறு இறக்கிக் கட்ட வேண்டும். காற்று கூரையைத்தான் தூக்குகிறது.

கடைக்காரர் விற்கும் அதே பொருளுக்கு வெளியாளிடம் ஸ்டால் கொடுக்காதீர்கள். தன் வாசலில் ஸ்டால் போடும் முதல் உரிமை அந்தக் கடைக்கே, பதில் சொல்ல மூன்று வாரம் அவகாசம். ஒலிபெருக்கி கடைகளைப் பார்த்து இருந்தால் உள்ளே விலை கேட்கக்கூட முடியாது, சாலையின் நீளவாக்கில் திருப்புங்கள். நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி 20 நிமிடம் இடைவெளி விடுங்கள். மக்கள் கடைக்குள் போவது அப்போதுதான்.

எண்ணிக்கை எடுப்பவர்

"ஆயிரக்கணக்கில் வந்தார்கள்" என்பது கணக்கு ஆகாது. ஒரு இடத்தில் கற்பனையாக ஒரு கோடு போட்டுக்கொண்டு, கோட்டைக் கடப்பவர்களை ஒவ்வொரு மணி நேரத்திலும் 15 நிமிடம் எண்ணி நான்கால் பெருக்குங்கள். விழாவுக்கு இரண்டு வாரம் முன்பும் பின்பும் அதே கிழமையில், அதே இடத்தில் எண்ணினால்தான் ஒப்பிட முடியும். அன்றைய வானிலையையும் குறித்து வையுங்கள்.

கடைக்காரரிடம் விற்பனைத் தொகையைக் கேட்காதீர்கள், சொல்ல மாட்டார். சொல்ல வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை. "இன்றைக்கு எத்தனை பில், அதில் புதுமுகம் ஏறத்தாழ எத்தனை?" என்றால் தயங்காமல் சொல்வார். விழா நாளோடு நிறுத்தாமல் அடுத்த நான்கு வாரமும் கேளுங்கள். அன்றைக்குப் பார்த்துவிட்டுப் போனவர் திரும்பி வந்தாரா என்பது அதில்தான் தெரியும்.

முத்திரை அட்டைத் திட்டம் நடத்துபவர்

கூட்டத்தைக் கடைக்குள் அனுப்ப நல்ல வழி முத்திரை அட்டை: கடைக்குக் கடை போய் முத்திரை வாங்கி அட்டையை நிரப்பினால் பரிசு. இருபது கடையையும் சுற்றினால்தான் பரிசு என்றால் பாதியில் விட்டுவிடுவார்கள். பத்துக் கடையில் ஏதாவது ஐந்து போதும். ஆளில்லாத ஓரத்துக் கடை ஒன்றாவது அந்த ஐந்தில் கட்டாயம் இருக்கட்டும். "வாங்கினால்தான் முத்திரை" என்ற விதி முதல் நாளே சண்டையில் முடியும், உள்ளே வந்தாலே முத்திரை என்று வையுங்கள். முத்திரை எங்கே இருக்கிறது என்று மதியம் வேலைக்கு வரும் ஆளுக்கும் தெரிய வேண்டும். பல இடங்களில் திட்டம் படுத்துவிடுவது இதனால்தான்.

கணக்குப் பொறுப்பாளர்

விழா மட்டுமே வேலை என்று இருக்கும் சங்கம் நிற்காது. பழைய கடைத்தெருக்களுக்கு உயிரூட்ட அமெரிக்காவில் 1980-இல் தொடங்கிய மெயின் ஸ்ட்ரீட் திட்டம் அமைப்பு, விளம்பரம், வடிவமைப்பு, பொருளாதார வலிமை என்ற நான்கையும் சேர்த்துத்தான் நடத்தச் சொல்கிறது. விழா அந்த நான்கில் ஒன்றான விளம்பரத்துக்குள் மட்டுமே வரும்.

சந்தா விஷயம் இன்னும் சிக்கல். பத்துப் பேர் கட்டுவார்கள், பலன் நாற்பது கடைக்கும் போகும். கனடாவின் டொராண்டோ நகரில் உள்ள புளோர் வெஸ்ட் வில்லேஜ் என்ற கடைத்தெரு 1970-இல் இதற்குத்தான் வழி கண்டது: எல்லைக்குள் இருக்கும் எல்லா வணிகர்களிடமும் சட்டப்படி வசூல். விருப்பச் சந்தாவில் ஓடும் சங்கத்துக்கு அந்த அதிகாரம் இல்லை. அதனால் வேலையாட்களின் எண்ணிக்கையை வைத்துச் சந்தாவை மூன்று படியாகப் பிரியுங்கள். தனியாளாகக் கடை நடத்துபவருக்குப் பாரம் குறையும்.

மானியங்களில் பல, செலவழித்து ரசீது காட்டிய பிறகே கைக்கு வரும். மூன்று மாதச் செலவுக்குக் கையிருப்பு இல்லாமல் அப்படிப்பட்ட மானியத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். நல்ல திட்டமே சங்கத்தை மூட வைத்துவிடும். குறிப்பிட்ட வேலைக்கு வந்த பணத்துக்குத் தனிப்பேரேடு வேண்டும். நிர்வாகக் குழுவில் இருப்பவரின் கடைக்கே முகப்புச் சீரமைப்பு நிதி வருமானால், அவர் அந்த வாக்கெடுப்பில் இருக்கக் கூடாது. வெளியேறினார் என்பதை நடவடிக்கைக் குறிப்பிலும் எழுதுங்கள்.

முகப்புப் பணி பார்ப்பவர்

பெயர்ப்பலகைக்கு ஒரு கைக்கணக்கு: பார்க்கும் தூரம் 3 மீட்டருக்கு எழுத்து உயரம் 2.5 செ.மீ. எதிர்ச்சாரி 15 மீட்டர் என்றால் 12.5 செ.மீ. வேலை தொடங்கும் முன் கட்டட உரிமையாளரின் சம்மதம் எழுத்தில் வேண்டும், வாடகைதாரர் கையெழுத்து போதாது.

சங்கச் செயலாளர்

மிக்க நன்றி. குடியிருப்பவர்களுக்கு எப்போது சொல்வது?

விழா ஏற்பாடு பார்ப்பவர்

மூன்று வாரம் முன்னால் ஒருமுறை, மூன்று நாள் முன்னால் மறுபடி, இரண்டு முறையும் வீடு வீடாகத் தாளில். சாலை மூடும் நேரம், திறக்கும் நேரம், மாற்று வழி, அன்று கட்டாயம் எடுக்கப்படும் தொலைபேசி எண், இந்த நான்கும் போதும். நடக்க முடியாத முதியவர், டயாலிசிஸ் போகிறவர் எந்த வீட்டில் என்று அப்போதே கேட்டு, அவர்கள் வண்டி வரும் நேரத்தில் தடுப்பை விலக்க ஒரு ஆளை நியமியுங்கள்.