மருந்துக்குச் சாகாத குதிரைவாலிப் புல்: சீக்கிரம் சோதிப்பது எப்படி?

கேள்வி: பொன்னேரி பக்கம் நேரடி விதைப்பு நெல். பிஸ்பைரிபாக் சோடியம் 10 எஸ்சி களைக்கொல்லி, ஏக்கருக்கு 100 மில்லி அடிச்சும் புல் நிக்குது. எதிர்ப்புத்தன்மையா, அடிச்ச முறையில தப்பா? சென்னை வீட்டு மொட்டை மாடியில சோதிக்க முடியுமா?

மாடித்தொட்டி: முடியும் சார். விதைக்குக் காத்திருக்காதீங்க, புது விதை உறக்கத்துல இருக்கும், சரியா முளைக்காது. தப்பின புல்லையே வேரோட பிடுங்கி, தூரைப் பிரிச்சு, இலையையும் வேரையும் கத்தரிச்சுத் தொட்டியில நடுங்க. 2–3 புது இலை வந்ததும் தெளிக்கணும். மருந்தே படாத இடத்துப் புல்லையும் கூடவே வளர்க்கணும். அது இல்லாட்டி சோதனைக்கே அர்த்தமில்லை.

வரப்பு: அளவுலதான் கோட்டை விடுவாங்க. ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணின்னா லிட்டருக்கு 0.5 மில்லி, இன்சுலின் சிரிஞ்சுல அளங்க. தரையில ஒரு சதுர மீட்டர் கட்டம் போட்டு, தொட்டிகளை உள்ள வச்சு 50 மில்லியைச் சீராத் தெளிக்கணும். வழிய வழிய அடிச்சா எதிர்ப்புள்ளதும் செத்துடலாம். வெறும் தண்ணி, ஒரு மடங்கு, இரு மடங்கு, ஒவ்வொண்ணுக்கும் பத்துச் செடி. இது மெதுவா வேலை செய்யற மருந்து, 21 நாள் கழிச்சுக் குருத்து பச்சையா இருக்கான்னு பாருங்க.

களைவெட்டி: அடிக்கும்போது தண்ணியை வடிச்சீங்களா? மூழ்கின இலையில மருந்து படாது. செத்த புல்லுக்குப் பக்கத்துலயே ஒண்ணு பச்சையா நின்னா சந்தேகப்படலாம். நேர்க்கோடா நின்னா தெளிப்பான் விட்ட இடம், அவ்வளவுதான்.

கேள்வி கேட்டவர்: எதிர்ப்புதான்னா பெனாக்ஸ்சுலம் களைக்கொல்லிக்கு மாத்தலாமா?

வரப்பு: அதுவும் இதே ஏஎல்எஸ் வகைதான், அதாவது செடியில அதே நொதியைத்தான் தடுக்கும். சைஹாலோஃபாப் வேற வகை. அதையும் ஒரு தொட்டி வரிசையில சேர்த்துப் பாருங்க.