மறுமொழி: பெர்ஃபியூஷனுக்குக் 'குருதிப் பாசனம்'

நண்பர்களுக்கு வணக்கம். இரத்தம் திசுவுக்குள் பரவிப் பாய்வதை ஆங்கிலத்தில் பெர்ஃபியூஷன் என்பார்கள். அதற்குத்தான் தமிழ்ச்சொல் தேடிக்கொண்டிருக்கிறோம்.

"குருதியோட்டம் என்று ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறதே, இன்னொன்று எதற்கு?" என்று நாகர்கோவில் அண்ணாச்சி கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. உடல் திசுவில் வெப்பம் பரவுவதைச் சொல்லும் சமன்பாட்டைத் தமிழில் எழுதிப் பார்க்கும்வரை எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

1948இல் ஹாரி பென்னஸ், ஓய்விலிருந்த மனிதரின் முன்கையில் வெப்பநிலையை அளந்து, திசுவில் வெப்பம் எப்படிப் பரவுகிறது என்று ஒரு சமன்பாடு தந்தார். புற்றுக்கட்டியை 40 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கும் மிகைவெப்பச் சிகிச்சையைக் கணிப்பவர்கள் இன்றும் பெரும்பாலும் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். வெளியிலிருந்து செலுத்தும் வெப்பம், திசு தானே உண்டாக்கும் வெப்பம், பக்கத்துத் திசுவுக்குக் கடத்தப்படும் வெப்பம், இவற்றுக்கெல்லாம் நம்மிடம் சொல் இருக்கிறது. இடறுவது சமன்பாட்டின் நான்காவது உறுப்பில்: இரத்தம் அள்ளிக்கொண்டு போகும் வெப்பம். இரத்தம் எந்தத் திசையில், என்ன வேகத்தில் ஓடுகிறது என்பது அதில் வருவதே இல்லை. இவ்வளவு திசுவுக்கு நிமிடத்துக்கு எவ்வளவு இரத்தம் என்பதுதான் கணக்கு.

எங்கள் பக்கத்துப் பாசனக் கால்வாயான அனந்தனார் சானலில் தண்ணீர் போவது ஓட்டம். மடை வெட்டிக் கும்பப்பூ நெல் நட்ட வயலுக்குள் விட்டபிறகு அதை ஓட்டம் என்று யார் சொல்வார்கள்? எந்தப் பக்கம் போகிறது என்று தெரியாமல் நாற்றுகளுக்கு நடுவே பரந்து நிற்கிறது. எங்கள் ஊரில் அப்போது கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "வயல் முழுக்கப் பாய்ந்துவிட்டதா?" ஆகவே என் பரிந்துரை, குருதிப் பாசனம். பாசன வீதம், பாசனக் குறைவு என்று கிளைச்சொற்களும் தடையின்றி வரும். வினைக்குப் 'பாய்ச்சு' இருக்கவே இருக்கிறது. மார்த்தாண்டம் அக்கா சொன்ன 'ஊடுபரவல்' அழகுதான், ஆனால் பள்ளி மாணவர் அதைச் சவ்வூடுபரவலோடு குழப்பிக்கொள்வார்.

பாசனம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. கடத்தலை ஒதுக்கிவிட்டு, இரத்தம் மட்டுமே வெப்பத்தை எடுத்துச்செல்வதாக வையுங்கள். 37 டிகிரியிலிருந்து 43க்கு ஏற்றி நிறுத்திய கட்டி ஒன்று. செலுத்தும் வெப்பம் மாறாமல் பாசனம் மட்டும் இரட்டித்தால், 6 டிகிரி ஏற்றம் 3 ஆகச் சுருங்கிவிடும். கட்டி 40இல் நிற்கும். 43க்குக் கீழே ஒவ்வொரு டிகிரி குறைவுக்கும் நான்கு மடங்கு நேரம் வேண்டும் என்பது 1984இல் சபரெட்டோ, டூயி என்ற ஆய்வாளர்கள் முன்வைத்த கணக்கு. அப்படியானால் 43இல் ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலைக்கு 40இல் 64 மணி நேரம். எந்த நோயாளி படுத்திருப்பார்?

கட்டியின் நடுப்பகுதி பெரும்பாலும் கடைமடை. இரத்தம் சரியாக எட்டாததால் சூடு அங்கே தங்கிவிடும். சுற்றியுள்ள நல்ல திசுவோ, சூடு பட்டதும் நாளங்களை விரித்து இன்னும் கூடுதலாகப் பாய்ச்சிக்கொள்ளும். சிகிச்சைக்கு இந்த வேறுபாடு உதவுகிறது.

உவமையில் ஒரு வில்லங்கம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். பென்னஸ் ஒவ்வொரு வயலுக்கும் சானலிலிருந்து தனி மடை வைத்துவிட்டார்: தமனியின் வெப்பநிலையிலேயே இரத்தம் நுண்நாளம்வரை வந்து, அங்கேதான் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது என்று. வயல்விட்டு வயல் பாயும் இடத்தில் கீழ்வயலுக்குக் கிடைப்பது மேல்வயலில் வெயில் காய்ந்த தண்ணீர் அல்லவா? 1980இல் சென், ஹோம்ஸ் என்ற ஆய்வாளர்கள் காட்டியதும் ஏறக்குறைய இதுதான்: நுண்நாளத்தை எட்டுவதற்கு முன்பே, சற்றுப் பெரிய நாளங்களில், இரத்தம் திசுவின் வெப்பநிலைக்கு வந்துவிடுகிறது. குறை சமன்பாட்டினுடையது, சொல்லினுடையதல்ல. சொல்லப்போனால், இந்தச் சொல்லை வைத்துக்கொண்டதால்தான் அந்தக் குறை எனக்கே விளங்கியது.

ஆனால் கட்டியை ஒட்டிப் பெரிய நாளம் ஒன்று ஓடி, சூட்டை இழுத்துக்கொண்டு போகும்போது அதைப் பாசனம் என்று சொல்லக்கூடாது, அது சானலேதான். அந்த விளைவுக்கு 'வெப்ப வடிகால்' என்று குறித்து வைத்திருக்கிறேன். அண்ணாச்சிக்கு இதைவிட நல்லது தோன்றினால் எழுதுங்கள்.